பழைய நேரமா, புது நேரமா?

1

ஒக்டோபர் மாதத்துக் கடைசி ஞாயிறன்று நோர்வே அரசாங்கம் எனக்கு ஒரு மணித்தியாலத்தை இலவசமாகத் தரும். நான் கேட்பதில்லை, அதுவாகவே தரும். நாடு முழுவதும் மணியை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளிவிட்டு, மார்ச் கடைசியில் அதை அப்படியே திருப்பிப் பிடுங்கிக்கொள்வார்கள். குடும்பக்காரர்கள் அந்த மணித்தியாலத்தை நித்திரையில் கழிப்பார்கள். என்னைப் போல மூன்று அறை வீட்டில் ஒற்றை ஆளாக இருக்கிறவனுக்கு நாளை நீட்டித் தருவதென்பது, கை கழுவப் போகிறவனை இழுத்து இருத்தி இன்னொரு அகப்பை சோறு போடுவது மாதிரி.

இந்த வருடம் அந்த மணித்தியாலத்தை என் தங்கச்சி யோகம் எடுத்துக்கொண்டாள். அவள் இருப்பது இலங்கையில், எங்கள் ஊர் உடப்பில். ஞாயிறு தவறாமல் பகல் பன்னிரண்டரைக்கு எடுப்பாள். அது எனக்குக் காலை ஒன்பது மணி. அன்றைக்குப் போன் அடித்தபோது நான் போர்வைக்குள் கிடந்தேன்.

“என்னண்ணே, இன்னும் படுக்கையா? நாங்க சோறே திண்டு முடியப் போகுது.”

“யோகம், இங்க இன்னும் எட்டு மணிதான்.”

“போன ஞாயிறு இதே நேரம் ஒம்பது எண்டாய்.”

“இண்டைக்கு மாத்திப்போட்டாங்க.”

“ஆரைக் கேட்டு?”

இந்தக் கேள்விக்கு நோர்வேப் பாராளுமன்றத்திலும் பதில் இருக்காது.

யோகத்தின் மகள் தரணிக்குத் தையில் கலியாணம். தரணி புத்தளத்தில் ஒரு கந்தோரில் வேலை செய்கிறாள். மாப்பிள்ளை கஜன் பாலாவியில் உப்புக் கம்பனியொன்றில் கணக்குப் பார்க்கிறான். ஒரே பஸ்ஸில் போய் வந்ததில் வந்த வினை இது. இரண்டு வீட்டாரும் தாங்களே தேடிப் பிடித்த சம்பந்தம் போல நடித்துக்கொண்டிருக்கிறார்கள். கஜன் வீட்டார் முன்னேஸ்வரத்தில் பரம்பரையாகக் கோயிலுக்கு மாலை கட்டிக் கொடுக்கிறவர்கள். பஸ்ஸில் தொடங்கியதை மன்னித்துவிட்டார்கள், ஆனால் சாதகம் பொருந்தாமல் அடுத்த அடி வைக்கமாட்டோம் என்றார்கள். நல்ல வேளையாகப் பொருந்திவிட்டது.

“தாலி கட்டுற நேரம் ஒம்பதே காலுக்கும் பத்தரைக்கும் இடையில. உன்ட நேரத்துக்கு எத்தினை மணி வரும்?”

“விடியப்புறம் அஞ்சுக்குக் கால் மணி இருக்கேக்க தொடங்கும்.”

“வீடியோவில எழும்பி இருப்பியா, குறட்டை விடுவியா?”

“தாலி ஏறும் வரைக்கும் குறட்டையை நிப்பாட்டி வைக்கிறன்.”

“தாய்மாமன் செய்யவேண்டியதைப் போனுக்குள்ள இருந்து செய்யப்போறாய். ம். உனக்கு லீவு இல்லையே.”

லீவு இருக்கிறது. மூன்று வருட லீவு எடுக்காமல் கிடக்கிறது. என் மனைவி வசந்தி இறந்து மூன்று வருடம். ஊருக்குப் போய் மணவறைக்குப் பக்கத்தில் நின்றால் எல்லோரும் முதலில் என்னைப் பார்ப்பார்கள். பிறகு எனக்குப் பக்கத்தில் உள்ள இடத்தைப் பார்ப்பார்கள். இதை லீவு விண்ணப்பத்திலும் எழுத முடியாது, தங்கச்சிக்கும் சொல்ல முடியாது.

2

நான் இங்கே என்ன வேலை செய்கிறேன் என்று ஊரில் பல பேருக்கு இன்னும் பிடிபடவில்லை. “கம்பியூட்டர் திருத்துறார்” என்று சொல்லிக்கொள்கிறார்களாம். உடைந்ததைத் திருத்துகிற அளவுக்கு எனக்குக் கைராசி கிடையாது. மனிதர்கள் எழுத்தில் எழுதி வைத்ததைக் கணினிக்கு விளங்கும் திகதியாகவும் நேரமாகவும் மாற்றுவதுதான் என் தொழில்.

இதற்கு ஒரு ஆளா என்று கேட்பீர்கள். நானும் முதல் நாள் அப்படித்தான் கேட்டேன். இந்தக் கரையோரத்து மீன்பிடிப் படகுகள் எப்போது எவ்வளவு மீன் இறக்கின என்ற பழைய பதிவுகளையெல்லாம் எங்கள் கம்பனி கணினிக்குள் ஏற்றுகிறது. ஒருவர் 3/4 என்று எழுதியிருப்பார். மூன்றாம் மாதம் நாலாம் திகதியா, நாலாம் மாதம் மூன்றாம் திகதியா? மனிதனென்றால் படகுக்காரனின் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்கலாம். கணினி தட்டாது. நீ சொன்ன ஒழுங்கில் வாசித்துவிட்டு, பிழையாக இருந்தாலும் தலை நிமிர்ந்து நிற்கும். இன்னொருவர் “உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த செவ்வாய்” என்று எழுதியிருப்பார். அதைக்கூட ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பிடித்துவிடலாம். ஒரு வரியில் ஒரு மனிதர் வெறுமனே “நேற்று” என்று மட்டும் எழுதியிருந்தார். எந்த நேற்று, ஐயா? அவர் எழுதிய அன்றைக்கு அது எல்லோருக்கும் தெரிந்த நேற்றாக இருந்திருக்கும்.

வாசிக்க முடியாத வரிகளைக் கவனிக்காமல் விட்டால் அவை பெரும்பாலும் 1970 ஜனவரி முதலாம் திகதிக்குப் போய்ச் சேரும். கணினி நாட்களை எண்ணத் தொடங்கும் இடம் அது. எந்தத் திகதியும் இல்லாதவர்களுக்கெல்லாம் அதுதான் அகதி முகாம். சில நாட்களில் திரையைத் திறந்தால், கரையோரத்து மீன் முழுவதும் அந்த ஒரே நாளில் பிடிபட்டிருக்கும்.

இந்த வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போன கதையையும் சொல்லவேண்டும். “ஹால்வ் நீ”க்கு வரச் சொன்னார்கள். ஹால்வ் என்றால் அரை, நீ என்றால் ஒன்பது. ஒன்பதரைக்குப் போய் நின்றேன், கழுத்துப்பட்டி எல்லாம் கட்டிக்கொண்டு. இவர்களுக்கு அரை ஒன்பது என்றால் ஒன்பதுக்கு அரை இருக்கிறது, அதாவது எட்டரை. நேரத்தை வாசிக்கும் வேலைக்கு ஒரு மணித்தியாலம் பிந்தி வந்த முதலாவது ஆள் நான்தானாம். சிரித்துச் சிரித்தே வேலையைத் தந்தார்கள்.

3

எனக்கு இரண்டு பிறந்தநாள். நான் பிறந்தது மே ஆறு. இங்கே வந்த புதிதில் ஒரு படிவத்தில் எங்கள் நாட்டு வழக்கப்படி வருடம், மாதம், நாள் என்று எழுதினேன். கவுண்டரில் இருந்த பெண் அதைத் தங்கள் நாட்டு வழக்கப்படி நாள், மாதம் என்று வாசித்து யூன் ஐந்தாக்கிவிட்டாள். இங்கே ஆளடையாள இலக்கமே பிறந்த திகதியில்தான் தொடங்கும். ஆக அந்தப் பிழை எனக்குப் பெயர் மாதிரி ஆகிவிட்டது. திருத்தக் கேட்டேன். பிறப்புச் சாட்சிப் பத்திரம் கொண்டு வா என்றார்கள், கொண்டுபோனேன். மொழிபெயர்ப்பு என்றார்கள், கொடுத்தேன். மொழிபெயர்த்தவருக்கு முத்திரை போதாது என்றார்கள். நான்காவது கடிதத்தோடு விட்டுவிட்டேன். ஊரில் முப்பது வருடம் கிழடானவன் இங்கே ஒரு மாதம் இளமையாகிறேனே, இருக்கட்டும்.

யூன் ஐந்தில் கந்தோரில் கேக் வெட்டுவார்கள். பாட்டும் பாடுவார்கள். நானும் அன்றைக்குப் பிறந்தவன் போலவே முகத்தை வைத்துக்கொள்வேன். மகள் மாயாவும் அன்றைக்குத்தான் வாழ்த்துவாள். அவளுக்குப் போன் நினைவூட்டும், போன் அரசாங்கத்தை நம்பும். மே ஆறில் ரவைக் கேசரி கிண்டி, “உண்மையான ஆள் இண்டைக்குத்தான் பிறந்தவர்” என்று கிண்ணத்தை நீட்டியவள் வசந்தி ஒருத்திதான். இப்போது மே ஆறு நோர்வேயில் ஒரு வேலை நாள், அவ்வளவுதான்.

4

எங்கள் நாட்டிலும் ஒருமுறை மணியை மாற்றினார்கள். முப்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இது புதினமாக இருக்கும். தொண்ணூற்றாறில் மழை இல்லை, மின்சாரம் இல்லை. வெளிச்சத்தை மிச்சம் பிடிக்க அரசாங்கம் மணியை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்று சத்தம் வந்ததும், அதே வருடம் அரை மணித்தியாலத்தைத் திருப்பித் தந்தது. மிச்ச அரை மணித்தியாலம் பத்து வருடம் அப்படியே கிடந்தது. இரண்டாயிரத்து ஆறில்தான் பழையபடி ஆனது.

அந்தப் பத்து வருடமும் உடப்பில் எதற்கும் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கவேண்டும்: பழைய நேரமா, புது நேரமா? பள்ளிக்கூடம், பஸ், கந்தோர் எல்லாம் புது நேரம். கோயில் பூசை பழைய நேரம். அம்மன் கோயிலில் தீமிதிக்கு நேரம் குறித்தால் அது பழைய நேரம், தீமிதி பார்க்க வரும் விசேட பஸ் புது நேரம். கரைவலைக்காரர் ஒரு நேரத்தையும் ஏற்றுக்கொள்ளவில்லை. மீனிடம் மணிக்கூடு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

தரணி அந்தப் பத்து வருடத்துக்குள் பிறந்தவள். சிலாபம் ஆஸ்பத்திரியில், விடியக் காலை ஐந்து பத்துக்கு.

5

வேலையிடத்தில் ஒரு புதிய கணினி நிரலை வாங்கினார்கள். உலகத்தில் எந்த நாடு எந்த வருடம் மணியை எங்கே தள்ளியது என்பது முழுவதும் அதற்குத் தெரியும். நான் நம்பவில்லை. தெரிந்த ஒரு திகதியைக் கொடுத்துச் சோதிப்போம் என்று, தரணி பிறந்த திகதியையும் ஐந்து பத்தையும் கொழும்பு நேரமென்று கொடுத்தேன். யோகம் அனுப்பிய சாதகக் குறிப்பின் படம் என் போனில் இருந்தது.

நிரல் ஒரு கணமும் யோசிக்கவில்லை. கிரீன்விச் நேரத்துக்கு அன்றைய கொழும்பு ஆறு மணித்தியாலம் முன்னால் என்றது. என் கை பழக்கத்தில் ஐந்தரை என்று எழுதியிருக்கும். ஐந்தரை என்பது இன்றைக்கு. இந்த இயந்திரம், உடப்பில் காலடி வைக்காமலே, எங்களுடைய அந்தப் பத்து வருடத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தது. ஊரைத் தெரிந்த யாரையோ வேலையிடத்தில் சந்தித்த மாதிரி இருந்தது. பக்கத்து மேசைக்காரனுக்குச் சொல்லலாம் என்று திரும்பினேன். எங்கிருந்து தொடங்குவது? கோயிலிலிருந்தா, மின்வெட்டிலிருந்தா? தேத்தண்ணி போடப் போய்விட்டேன்.

தேத்தண்ணி குடிக்கும்போதுதான் மண்டையில் உறைத்தது. இப்போது சாத்திரியும் பஞ்சாங்கத்தைப் புரட்டுவதில்லை, மடிக்கணினியில் நேரத்தைத் தட்டிச் சாதகத்தை அச்சடித்துக் கொடுக்கிறார். அவருடைய மென்பொருளுக்கு இலங்கை என்றால் என்றைக்கும் ஐந்தரைதான் என்றால்?

வீட்டுக்கு வந்து இணையத்தில் சாதகம் கணிக்கும் தளம் ஒன்றைத் திறந்தேன். முதலில் ஐந்தரை என்று கொடுத்தேன். யோகம் அனுப்பிய அதே சாதகம் வந்தது. பிறகு ஆறு என்று கொடுத்தேன். அரை மணித்தியாலம் பின்னுக்குப் போனதும் லக்கினம் முந்தின வீட்டுக்கு நழுவியது. ஆறில் இருந்த செவ்வாய் ஏழில் வந்து குந்திக்கொண்டது.

எனக்குச் சாத்திரம் தெரியாது. ஆனால் ஏழில் செவ்வாய் என்றால் என்னவென்று உடப்பில் ஆட்டுக்குட்டிக்கும் தெரியும். செவ்வாய் தோஷம். தோஷம் உள்ளவரை இல்லாதவருக்குக் கட்டிவைத்தால் துணைக்கு ஆகாது என்பார்கள். கஜனின் சாதகத்தில் தோஷம் இல்லை. அவனும் அந்தப் பத்து வருடத்துக்குள் பிறந்தவன்தான், ஆனால் அவன் வீட்டில் நேரத்தைச் சரியாகக் குறித்திருக்கிறார்கள் என்று யோகம் முன்பே பெருமையாகச் சொல்லியிருந்தாள். ஆக, என் கணக்கு சரியென்றால் இந்தக் கலியாணம் நிற்காது.

நான் இதையெல்லாம் நம்புகிறவனா என்று கேட்டால், இல்லை. எனக்கும் வசந்திக்கும் பத்தில் ஒன்பது பொருத்தம். சாத்திரி பல் தெரியச் சிரித்து, இப்படியொரு சாதகத்தை இந்தக் கரையிலேயே பார்க்கவில்லை என்றார். அவள் நாற்பத்தைந்தில் போனாள். ஒன்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஆனால் நம்பாதவனுக்கும் பயம் வரும். துணையை இழப்பது எப்படியிருக்கும் என்று தெரிந்தவன் நான். நாளைக்கு அந்தப் பையனுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும், இங்கே ஒருவன் தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தான் என்றாகும்.

இன்னொன்றும் இருக்கிறது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். கலியாணப் பேச்சுத் தொடங்கிய நாளிலிருந்து எனக்கு ஊரிலிருந்து ஒவ்வொரு நாளும் அழைப்பு வருகிறது. சேலை நிறம் கேட்கிறார்கள், மேளக்காரர் யார் என்று கேட்கிறார்கள். என் கருத்தை யாரும் எடுப்பதில்லை, ஆனால் கேட்கிறார்கள். தாலி ஏறிய மறுநாள் இந்தப் போன் பழையபடி ஞாயிறுக்கு மட்டும் அடிக்கும். இப்போது என் கையில் ஒரு அரை மணித்தியாலம் இருந்தது. அதை வெளியே விட்டால் உடப்பு முழுவதும் என்னோடு கதைக்கும். இந்த எண்ணம் வந்ததும், இருக்கிற எல்லா விளக்கையும் போட்டுவிட்டுக் குசினியில் போய்ச் சும்மா பாத்திரம் கழுவினேன்.

6

மாயா ஒஸ்லோவில் வேலை செய்கிறாள். என்னோடு கதைப்பதற்கு நாட்காட்டி வழியாக அழைப்பு அனுப்புவாள்: “அப்பா, முப்பது நிமிடம்.” நான் ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்பதை அமத்தவேண்டும். ஒருமுறை விளையாட்டாக ‘இயலாது’ என்பதை அமத்திப் பார்த்தேன். அவள் உண்மையாகவே எடுக்கவில்லை. அன்றிலிருந்து நான் அதில் விளையாடுவதில்லை.

அவளுக்கு விஷயத்தைச் சொன்னேன். லக்கினம் என்பதை விளங்கப்படுத்தவே எட்டு நிமிடம் போனது.

“அப்பா, இது உங்கட வேலையில வாற பிழை மாதிரித்தானே? பிழை கண்டா நீங்க என்ன செய்வீங்க?”

“அந்தப் பதிவு ஆருடையதோ அவைக்குச் சொல்லுவன்.”

“இது ஆருடைய திகதி?”

“தரணியின்ட.”

“பிறகேன் யோகம் மாமிக்குச் சொல்லப் போறீங்க? தரணிக்குச் சொல்லுங்கோ.”

அவளுக்குத் தமிழில் செவ்வாயும் தெரியாது, புதனும் தெரியாது. கேள்வி மட்டும் தாயைப் போலவே கேட்கிறாள். பாராட்டலாம் என்று வாயைத் திறந்தேன், முப்பது நிமிடம் முடிந்துவிட்டது.

7

தரணியை அவளுடைய பகல் சாப்பாட்டு நேரத்தில் பிடித்தேன். களப்புக் கரையில் நின்று கதைத்தாள் போலும், காற்று போனுக்குள் இரைந்தது.

“என்ன மாமா, ஞாயிறு அம்மாவுக்கு, கிழமை நாளில எனக்கா? எனக்குப் பதவி உயர்வா?”

சொன்னேன். இடையில் மூன்று பகிடி விட்டேன், மூன்றும் எடுபடவில்லை.

“அப்ப நான் ஆபத்தான ஆள் எண்டு சொல்றீங்க.”

“நான் சொல்லேல்ல பிள்ளை. கம்பியூட்டர் சொல்லுது.”

“கம்பியூட்டருக்குக் கலியாணம் ஆயிட்டுதா?” சிரித்தாள். பிறகு கேட்டாள்: “மாமா, கஜனுக்கு ஏதும் நடக்குமா?”

“எனக்கும் வசந்தி மாமிக்கும் ஒம்பது பொருத்தம், பிள்ளை.”

அவளுக்கு விளங்கியது. குரலைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்: “சரி. அம்மா சாத்திரியிட்டக் குடுத்த அஞ்சு பத்து, புது நேரம் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?”

“ஆஸ்பத்திரியில பிறந்தாய். ஆஸ்பத்திரி புது நேரம்தானே.”

“கஜன்ட வீட்டில அவர் பிறந்ததைப் பழைய நேரத்திலதான் எழுதியிருக்கு. கோயில் வீடு, மணிக்கூட்டை மாத்தவே இல்லையாம். எங்கட வீட்டிலயும் சாதகம் எண்டதுக்காக அரை மணித்தியாலம் கழிச்சுப்போட்டு எழுதியிருந்தா? அப்ப அந்தச் சாதகம் சரிதானே?”

ஐந்து பத்து என்ற எழுத்தில், அது எந்த மணிக்கூட்டில் பார்த்தது என்று எழுதியிருக்கவில்லை. எழுத்தைத் திகதியாக்கிச் சம்பளம் வாங்குகிறவன் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அது. சொந்த மருமகள் என்றதும் கேட்காமல் விட்டிருக்கிறேன்.

“அம்மாட்டக் கேட்டுச் சொல்லுங்க மாமா. கேக்கிற மாதிரி இல்லாமக் கேளுங்க. செவ்வாய் எண்டு அவ காதில விழுந்தா மண்டபத்தையும் திருப்பிக் குடுத்துட்டுத்தான் மற்ற வேலை பாப்பா. ஆனா எனக்கு மறைக்கக்கூடாது. எந்த நேரமோ அதை அப்படியே சொல்லோணும்.”

8

அடுத்த ஞாயிறு வரைக்கும் காத்திருந்தேன். கிழமை நாளில் நானாக எடுத்தால் யோகம், யார் செத்தது என்று கேட்பாள்.

“தரணிக்கு ஒரு வாழ்த்துப் படம் செய்யப் போறன் யோகம், பிறந்த நேரம் எல்லாம் போட்டு. அஞ்சு பத்து எண்டது பழைய நேரமா, புது நேரமா?”

“என்னட்டக் கேக்கிறியா? நான் உள்ளுக்க உயிர் போகக் கத்திக்கொண்டு கிடந்தன். வெளியில இருந்தது நீ.”

“நானா?”

“பின்ன? இவர் அப்ப கற்பிட்டிப் பக்கம் மீன் வாடி போட்டுக் கடலுக்குப் போயிருந்தார். நீயும் அண்ணியும்தான் என்னைக் கொண்டு போனது. தாதி வந்து பொம்பிளப் பிள்ளை எண்டு சிங்களத்தில சொல்ல, நீ பேயறைஞ்ச மாதிரி நிண்டியாம். சுவரில இருந்த மணிக்கூடும் ஓடேல்லையாம். அண்ணிதான் உன்ட கையைப் பிடிச்சுத் திருப்பி, மணியைப் பாத்து, அஞ்சு பத்து எண்டு சொன்னவ. அதைத்தான் அம்மா எழுதி வச்சது. அண்ணி எத்தினை தரம் சொல்லிச் சிரிச்சிருக்கா. உனக்கு ஞாபகம் இல்லையா?”

“என்ட மணிக்கூடு அப்ப எந்த நேரத்தில ஓடினது?”

“அது உனக்கே தெரியாதே! புத்தளத்துக்கு டியூட்டரியில படிப்பிக்கப் போகேக்க புது நேரம், கோயிலுக்கு வரேக்க பழைய நேரம். பிந்திப் போனா, ஐயோ இது பழைய நேரம் எண்டு கையைக் காட்டுவாய். திருகித் திருகி அதுக்குத் தலையே கழண்டுபோச்சு. உன்னைக் கட்டினது பிழையில்ல, நீ அந்த மணிக்கூட்டைக் கட்டினதுதான் பிழை எண்டு அண்ணி ஏசுவா.”

சிரித்தோம். பிறகு நான் விடாமல் கேட்டேன். “அப்ப வசந்தி பாத்ததை அப்பிடியே சொன்னவளா, சாதகத்துக்கு எண்டு அரை மணித்தியாலம் கழிச்சுச் சொன்னவளா?”

“அதை அண்ணியிட்டத்தான் கேக்கோணும்,” என்றாள் யோகம், சட்டென்று, அண்ணி பக்கத்து அறையில் இருக்கிற மாதிரி.

அந்தப் பக்கம் சட்டி கரண்டிச் சத்தம் நின்றது.

“அண்ணே, இருக்கிறியா?”

“இருக்கிறன்.”

9

தரணிக்கு எதையும் மறைக்காமல் சொன்னேன். என் கை மணிக்கூடு, எந்த நேரத்தில் ஓடியது என்று தெரியாது, பார்த்துச் சொன்னவளிடம் கேட்க வழியில்லை. சாதகம் சரியாகவும் இருக்கலாம், பிழையாகவும் இருக்கலாம்.

“அது மாமி பாத்த நேரமா?” என்றாள். “எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லயே. நான் பிறந்த நேரத்தை முதல்ல சொன்னது மாமியா?”

“ஓம்.”

மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“அப்ப அதை ஒருத்தரும் தொட வேண்டாம். அஞ்சு பத்து அஞ்சு பத்தாவே இருக்கட்டும். கஜனிட்ட நான் இண்டைக்கே சொல்றன், ரெண்டு மாதிரியும் இருக்கலாம் எண்டு. அவர் பயந்தா, அது அவர்ட செவ்வாய்.”

அவளுக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லை. அன்றைய பின்னேரம் முழுவதும் போனை மேசையில் வைத்துவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். கடைசியில் செய்தி வந்தது: “சொல்லிட்டன் மாமா. பஸ்ஸில எனக்கு இடம் பிடிச்சுத் தரேக்க, தான் லக்கினம் கேக்கேல்லயாம். வீட்டில ஆரும் கேட்டா, தாய்மாமனும் மாமியும் குறிச்சுத் தந்த நேரம் எண்டு சொல்லுவாராம். நீங்க லீவு போடுங்க. போனுக்குள்ள இருக்கிற தாய்மாமன் எங்களுக்கு வேண்டாம்.”

திங்கட்கிழமை லீவுக்கு எழுதிக் கொடுத்தேன். மூன்று வருட லீவு சேர்ந்து கிடந்ததில் அதிகாரி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எதற்கென்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

வேலை முடிந்து பஸ் தரிப்பில் நின்றேன். மழை. நான் இருக்கும் பெர்கன் நகரத்தில் மழை என்று எழுதுவது உடப்பில் கடல் என்று எழுதுவது மாதிரி, ஆனாலும் மழை. யோகம் சொன்னது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரி ஞாபகம் இருக்கிறது, தாதியின் குரல் இருக்கிறது, மர வாங்கில் குந்தியிருந்து விறைத்த கால்கூட இருக்கிறது. வசந்தி என் கையைப் பிடித்தது மட்டும் இல்லை. எத்தனை தரம் தேடிப் பார்த்தும் இல்லை. எந்தப் பக்கமாகத் திருப்பியிருப்பாள்? உள்பக்கமாகவா, வெளிப்பக்கமாகவா? வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்து இப்படித் திருப்பிப் பார்த்தேன், அப்படித் திருப்பிப் பார்த்தேன்.

பக்கத்தில் குடையோடு நின்ற ஒரு பெண் என்னைக் கவனித்திருக்கிறாள். நான் மணிக்கூட்டை மறந்துவிட்டு வந்தவன் என்று நினைத்தாளாக்கும். தன் போனை எடுத்து, திரையில் இருந்த மழைத்துளியைத் துடைத்து, நேரத்தை என் பக்கமாகத் திருப்பிக் காட்டினாள்.

நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்வது?